சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மத்தியதரைக் கடலும்

தை பிறப்பதற்குப் பத்து நாள் முன்னதாகவே கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் நடைபாதைகளில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்து குவியத் தொடங்கிவிடும். மண் ஒட்டிய செந்நிறக் கிழங்குகள் ஒருபுறம்; கரும்பும் மஞ்சள் கொத்தும் மறுபுறம். ஊரை விட்டு வந்து எத்தனை ஆண்டுகள் ஆகியிருப்பினும், அந்தக் குவியலைக் கண்டதும் நம்மவர் நடை சற்றே தயங்கும். கை தானாகவே பையை விரிக்கும். பொங்கலன்று கூட்டிலும் குழம்பிலும் அந்தக் கிழங்கு இல்லையேல் பண்டிகை நிறைவு பெறாது என்பது நம்மில் பலருடைய எண்ணம்.

அதே குவியலின் முன் வங்காளச் சகோதரிகளும் நிற்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். அவர்கள் அக்கிழங்கை ‘ராங்கா ஆலு’ என்பர். பௌஷ சங்கராந்தியன்று அதை வேகவைத்து மசித்து, மாவுடன் பிசைந்து, உள்ளே தேங்காயும் வெல்லமும் வைத்துப் பொரித்துப் பாகில் ஊறவிட்டுப் ‘புலி பிட்டே’ செய்வர். நம் பொங்கலும் அவர்களுடைய சங்கராந்தியும் பெரும்பாலும் ஒரே நாளில், அன்றேல் ஒரு நாள் முன்பின்னாக வரும். கிழங்கு ஒன்று, நாளும் ஒன்று, சமையல் மட்டும் இரண்டு. அவ்விரண்டுக்கும் இடையே சென்ற ஆண்டு நம் இல்லத்தில் புகுந்த மூன்றாவது சமையலைப் பற்றியதே இந்த மாதக் கட்டுரை.

ஓர் அடுக்களை, இரண்டு கைகள்

வீட்டு விஷயத்தைச் சபையில் சொல்லலாமா என்று முதலில் தயங்கினோம். ஆயினும் வெளியூரில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று இதே நிலை இருப்பதால், சொல்வதில் பயன் உண்டு என்று துணிந்தோம்.

நம் மகன் இந்நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். தன்னுடன் பணி புரிந்த வங்காளப் பெண்ணை இரு வீட்டார் சம்மதத்துடன் மணந்தான். மருமகள் நற்குணம் மிக்கவள். யாரும் கேளாமலே, ‘இந்த வீட்டில் மீன் சமைப்பதில்லை, பிறந்த வீட்டுக்குச் செல்லும்போது உண்டுகொள்கிறேன்’ என்று தானே முடிவு செய்துகொண்டாள். நம் இல்லத்தரசியும் அவளை ஒரு குறை சொன்னதில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் மிகுந்த மரியாதையாகவே நடந்துகொண்டனர். அந்த மரியாதைதான் தொல்லையாயிற்று.

மாமியார் சாம்பார் வைத்தால் மருமகள், “நன்றாக இருக்கிறது, அம்மா” என்பாள். மருமகள் சுக்தோ செய்தால் மாமியார், “நன்றாக இருக்கிறது, அம்மா” என்பாள். இரண்டு பாத்திரங்களிலும் பாதி மிஞ்சும். கூடுதல் உப்பு என்றோ, காரம் போதாது என்றோ இருவரில் ஒருவராவது வாய் திறந்து சொல்லியிருந்தால் வீடு வீடாக இருந்திருக்கும்.

மார்கழி மாதத்தில் ஒரு நாள், மருமகள் அடுப்பில் வைத்திருந்த பருப்பில், அவள் தொலைபேசியில் பேசச் சென்ற நேரத்தில், நம் இல்லத்தரசி கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிவிட்டாள். உதவி செய்வதாகத்தான் அவள் எண்ணம். ஆனால் அந்தப் பருப்பு, தாளிப்பை இறுதியில் நெய்யில் வேறு விதமாகச் செய்து, சிறிது சர்க்கரை சேர்த்து முடிக்க வேண்டிய பருப்பு. அதுவும் அன்று அப்பெண்ணின் தகப்பனார் உணவுக்கு வருவதாக இருந்த நாள். மருமகள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பருப்பைப் பரிமாறினாள். அதன் பிறகு நான்கு நாட்கள் அடுக்களைப் பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் மகன் நம்மிடம் வந்து, “அப்பா, அலுவலகத்துக்கு அருகில் வேறு ஜாகை பார்க்கலாம் என்று இருக்கிறோம்” என்றான். அலுவலகத்தின் தொலைவு அவன் கூறிய காரணம். உண்மைக் காரணம் எது என்பதை நால்வரும் அறிவோம்.

இந்த நிலையில்தான் தை வந்தது. மாமியார் பொங்கல் குழம்புக்கென்று இரண்டு கிலோ சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி வந்தாள். அன்று மாலை மருமகள் புலி பிட்டேக்கென்று இரண்டு கிலோ வாங்கி வந்தாள். ஒருவர் வாங்குவதை மற்றவரிடம் கூறும் வழக்கம் அற்றுப்போயிருந்ததால் நேர்ந்த வினை இது. பண்டிகை முடிந்து மூன்று நாள் ஆகியும் இரண்டு கிலோவுக்கு மேல் கிழங்கு கூடையில் கிடந்தது.

“இதை என்ன செய்வது?” என்று இல்லத்தரசி பொதுவாகக் கேட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு அடுக்களையில் எழுந்த உண்மையான கேள்வி அதுதான். மருமகள் சற்று யோசித்து, “அம்மா, இதைப் பிளந்து உள்ளே கொண்டைக்கடலையை அடைத்து, எள் விழுதை ஊற்றிச் செய்வார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்துச் சுவை. நான் ஒரு முறை ஒரு தோழி வீட்டில் உண்டிருக்கிறேன். செய்யத் தெரியாது” என்றாள்.

“எனக்கும் தெரியாது” என்றாள் மாமியார். “எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அடைக்கிற மாதிரிதானே? வா, பார்க்கலாம்.”

இருவருக்கும் தெரியாத ஒன்று என்பதே அதன் பெரும் சிறப்பு என்பது நமக்குப் பின்னர்தான் புலப்பட்டது.

எந்தக் கரையின் பொருள் எது?

மத்தியதரைக் கடல் என்றவுடன் நமக்குச் சம்பந்தமில்லாத தூர தேசம் என்று எண்ண வேண்டா. ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், துருக்கி, சிரியா, லெபனான், பாலஸ்தீனம், எகிப்து, மொராக்கோ ஆகியவை அக்கடலைச் சூழ்ந்த நாடுகளுள் சில. இந்நாட்டு மக்களில் பலர் நாள்தோறும் உண்பவை தானியம், பருப்பு, காய்கறி, பழம், ஒலிவ எண்ணெய் ஆகியனவே; புலாலுக்கு அங்கே பழைய வழக்கத்தில் சிறு இடமே உண்டு. கிரேக்கத் திருச்சபையைச் சேர்ந்தோர் ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாட்கள் நோன்பு என்று கணக்கிட்டு, அந்நாட்களில் இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை விலக்குவர். ஆகவே காய்கறி உணவை அவர்கள் ஒரு குறைபாடாகக் கருதாமல், ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றனர். இந்த உணவு முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

காய்களைக் குடைந்து உள்ளே கலவை அடைத்துச் சமைப்பது அக்கடற்கரை முழுவதும் பரவிய பழக்கம். துருக்கியர் அதைத் ‘தோல்மா’ என்பர். நிரப்புதல் என்பதே அச்சொல்லின் பொருள். வெங்காயமும் தக்காளியும் அடைத்து எண்ணெயில் வேகவைத்த கத்தரிக்காய்க்கு அவர்கள் இட்ட பெயர் ‘இமாம் பயில்தி’. இமாம் மயங்கி விழுந்தார் என்பது அதன் பொருள். சுவையில் மயங்கினார் என்பர் சிலர். மனைவி செலவிட்ட எண்ணெயின் கணக்கைக் கேட்டு மயங்கினார் என்பர் வேறு சிலர். குடும்பஸ்தர்களாகிய நாம் இரண்டாவது கட்சி.

இத்தோல்மா கொல்கத்தாவுக்கும் புதிதன்று. பட்டோல் என்னும் காயைக் குடைந்து இங்குள்ளவர்கள் செய்யும் ‘தோல்மா’ அந்தத் துருக்கிச் சொல்லின் வழியில் வந்ததே. ஆர்மேனிய வணிகர்கள் கொண்டுவந்தது என்று கூறுவர். அந்த ஆர்மேனியர்கள் 1724ஆம் ஆண்டில் கட்டிய தேவாலயம் இன்றும் இந்நகரின் பரபரப்பான கடைவீதிகளுக்கு நடுவே நிற்கிறது. பாக்தாத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய யூதர்களும் தக்காளி, வெங்காயம் முதலியவற்றில் சோறும் புதினாவும் அடைத்து ‘மஹாஷா’ என்று சமைத்தார்கள். அச்சமூகத்தில் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் தங்கள் சமையலை எவ்வாறு காத்தனர், எவ்வளவு மாற்றிக்கொண்டனர் என்பதற்கு இந்நகரமே ஒரு பாடசாலை.

இனி, நம் பதார்த்தத்தின் பொருள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் 1492இல் தொடங்கிய பயணங்களின் பயனாக அது ஸ்பெயினுக்கு வந்தது. போர்த்துகீசியர் வழியே இந்தியாவுக்கு வந்தது. பெயரில் ‘வள்ளி’ இருப்பினும் அது நம் காட்டு வள்ளிக்கிழங்கின் இனம் அன்று. காலையில் மலரும் தாளிக்கொடிப் பூக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. நெல்லைச் சீமையில் சீனிக்கிழங்கு என்றும், யாழ்ப்பாணத்தில் வற்றாளைக் கிழங்கு என்றும் நம்மவரே அதற்கு வெவ்வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

கொண்டைக்கடலை, இன்றைய துருக்கியின் தென்கிழக்குப் பகுதியில் முதன்முதலில் பயிரிடப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. சீரகமும் கொத்தமல்லியும் அக்கடலின் கீழ்க்கரையைச் சேர்ந்தவை. அவை இன்றி நம் ரசம் இல்லை! எள் நேர்மாறானது. அது இந்திய மண்ணில் பிறந்து மேற்கே சென்றது. எலுமிச்சையின் முன்னோரும் இமயத்தின் கிழக்கு அடிவாரத்தைச் சார்ந்தவர்களே. அதை மத்தியதரைக் கடற்கரையில் பெருமளவில் பரப்பியவர்கள் அரேபியர்கள். ஆக, அவர்களுடைய சரக்கு நம் அஞ்சறைப் பெட்டியிலும், நம்முடைய சரக்கு அவர்களுடைய அடுக்களையிலும் நெடுங்காலமாக இருந்து வருகின்றன.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப் பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மதுவும் ஒலிவ எண்ணெயும் அத்தகைய சாடிகளில் நம் கரைக்கு வந்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒலிவ எண்ணெய் தமிழ்க் கடற்கரையில் இறங்கியிருக்கிறது என்றால், இன்று அதை ஒரு கரண்டி ஊற்றுவதற்கு நாம் ஏன் தயங்க வேண்டும்?

ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கிழங்கைப் பிளந்து கடலை அடைக்கும் இந்தப் பதார்த்தம் அக்கரையில் பாட்டி காலத்துப் பண்டம் அன்று. எகிப்தின் தெருக்களில் தள்ளுவண்டி அடுப்பில் சுட்ட கிழங்கை விற்பர். ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவில் நவம்பர் முதல் நாளையொட்டி அதைச் சுட்டு உண்பர். அந்தக் கிழங்கையும், லெபனான் பக்கத்துக் கடலை, எள் விழுது ஆகியவற்றையும் ஒன்று சேர்த்தது அண்மைக் காலத்து அடுக்களைகளே. பழைமை இல்லாததால் இதில் யாருக்கும் மேலாதிக்கமும் இல்லை.

முதல் முயற்சியும் அதன் முடிவும்

முதல் நாள் சமையல் தோற்றது. எள்ளைத் துவையலுக்கு வறுப்பது போலப் படபடவென்று வெடித்துச் சிவக்கும்வரை நம் இல்லத்தரசி வறுத்துவிட்டாள். விழுது கசந்தது. மருமகளோ, கிழங்கு வேகட்டும் என்று குக்கரில் தண்ணீரில் மூழ்கவைத்து ஐந்து விசில் விட்டாள். கிழங்கு கூழாகித் தோல் மட்டும் கையோடு வந்தது. அடைப்பதற்கு இடமில்லை.

இருவரும் அந்தக் கூழையும் கசப்பையும் பார்த்துக்கொண்டு நின்றனர். பின்னர் மருமகள், “அம்மா, எள் உங்களுடையது, கிழங்கு என்னுடையது. இரண்டும் கெட்டுவிட்டன” என்றாள். மாமியார் சிரித்தாள். சிரித்தபடியே, “அன்றைக்குப் பருப்பைக் கெடுத்ததும் நான்தான். உன்னைக் கேட்டிருக்க வேண்டும்” என்றாள். மருமகள், “நானும் சொல்லியிருக்க வேண்டும், அம்மா. நான்கு நாள் பேசாமல் இருந்தது என் தப்பு” என்றாள். நாம் கூடத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தோம். ஒரு வரியும் படிக்கவில்லை.

மறுநாள் எஞ்சிய கிழங்கில் மீண்டும் முயன்றனர். அது நன்றாக வந்தது. அதற்குப் பின் பல முறை செய்து, திருத்தி, இருவரும் ஒப்புக்கொண்ட முறையைக் கீழே தருகிறோம்.

வேண்டிய பொருள்கள் (நான்கு பேருக்கு)

நடுத்தர அளவுள்ள சர்க்கரைவள்ளிக் கிழங்கு 4; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 முதல் 250 கிராம். வெள்ளைக் கொண்டைக்கடலை 100 கிராம். வெங்காயம் 1. பூண்டு 4 பல். சீரகம் 1 தேக்கரண்டி. தனியா 1 தேக்கரண்டி. மிளகாய்த் தூள் அரைத் தேக்கரண்டி. ஒலிவ எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி. உப்பு தேவைக்கு.

எள் விழுதுக்கு: தோல் நீக்கிய வெள்ளை எள் 4 மேசைக்கரண்டி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சம் பழம் 1, பூண்டு 1 பல், உப்பு, குளிர்ந்த நீர்.

மேலே தூவ: தக்காளி 1, சிறு வெள்ளரிக்காய் 1, கொத்தமல்லித் தழையும் புதினாவும் ஒரு கைப்பிடி, மாதுளை முத்துகள் ஒரு பிடி, விரும்பினால் துணியில் கட்டி நீர் வடித்த தயிர் அரைக் கிண்ணம்.

செய்முறை

கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே நிறைய நீரில் ஊறவையுங்கள். மறுநாள் நீரை மாற்றி உப்பிட்டு, குக்கரில் நான்கு அல்லது ஐந்து விசில் விட்டு இறக்குங்கள். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். ஆனால் உருக்குலையக் கூடாது. நீரை வடித்து ஒரு துணியில் பரப்பி உலர்த்துங்கள். வடித்த நீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிழங்கை நன்கு தேய்த்துக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். தோலைச் சீவ வேண்டா. அடைத்த பண்டத்தைத் தாங்கப்போவது அதுவே. முள்கரண்டியால் நாலைந்து இடங்களில் குத்திச் சிறிது எண்ணெய் தடவுங்கள். ஓவன் உள்ளவர்கள் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 45 நிமிஷம் முதல் ஒரு மணி நேரம்வரை சுடலாம். கத்தி முனை தடையின்றி உள்ளே இறங்கினால் பதம். ஓவன் இல்லாதவர்கள், குக்கரின் அடியில் சிறிது நீர் விட்டு, நீர் படாதபடி மேல் தட்டில் கிழங்கை வைத்து, இரண்டு விசிலில் ஆவியில் வேகவையுங்கள். பிறகு கனமான தோசைக் கல்லில் மூடி போட்டுச் சிறு தீயில் திருப்பித் திருப்பிப் பத்து நிமிஷம் சுட்டெடுங்கள். ஈரம் வற்றித் தோல் இறுகும். சுட்ட மணமும் வரும்.

எள்ளை வெறும் வாணலியில் மிகச் சிறிய தீயில் இரண்டு மூன்று நிமிஷம் மட்டும் சூடாக்குங்கள். நிறம் மாறத் தொடங்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். இதுதான் எள்ளுத்துவையலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. ஆறியபின் மிக்ஸியில் பொடித்து, எண்ணெய் விட்டு மைபோல அரையுங்கள். அரபு மக்கள் இவ்விழுதைத் ‘தஹினி’ என்பர். அரைத்தல் என்னும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இதனுடன் நசுக்கிய பூண்டு, உப்பு, பாதி எலுமிச்சையின் சாறு ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்குங்கள். உடனே விழுது கெட்டிப்பட்டுத் திரிந்தது போலத் தோன்றும். அஞ்ச வேண்டா. குளிர்ந்த நீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே இருந்தால் சிறிது சிறிதாக வெளுத்து, இளகி, தோசை மாவின் பதத்துக்கு வரும்.

சீரகத்தையும் தனியாவையும் மணம் வரும்வரை வறுத்துக் கரகரப்பாகப் பொடியுங்கள். வாணலியில் எண்ணெயைக் காயவைத்து நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குங்கள். பூண்டைத் தட்டிப் போட்டு, உலர்ந்த கடலையைக் கொட்டி, பொடியும் மிளகாய்த் தூளும் உப்பும் சேர்த்துக் கடலையின் மேற்புறம் சற்று மொறுமொறுக்கும்வரை வறுங்கள்.

இப்போது கிழங்கின் நடுவே நீளவாட்டில் கீறுங்கள். அடித்தோல் அறுபடக் கூடாது. இரு முனைகளையும் கையால் உள்நோக்கி அழுத்தினால் படகு போல வாய் திறக்கும். உட்சதையில் ஏறத்தாழப் பாதியைக் கரண்டியால் எடுத்து, அரை விரற்கடை கனத்துக்குச் சுவர் இருக்கும்படி விட்டுவிடுங்கள். எடுத்த சதையை உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து மசித்து, கடலையில் பாதியைக் கலந்து மீண்டும் படகில் நிரப்புங்கள். ஓவனிலோ, மூடிய கல்லிலோ மேலும் ஐந்து நிமிஷம் வைத்துச் சூடேற்றுங்கள்.

பரிமாறும்போது எஞ்சிய கடலையை மேலே குவித்து, எள் விழுதைத் தாராளமாக ஊற்றி, பொடியாக நறுக்கிய தக்காளி, வெள்ளரி, தழைகள், மாதுளை ஆகியவற்றைத் தூவுங்கள். தயிர் வேண்டுவோர் ஒரு கரண்டி வைத்துக்கொள்ளலாம். கிழங்கு இனிப்பு; எலுமிச்சை புளிப்பு; எள்ளில் இளங்கசப்பு; கடலையில் காரம்; மேலே தழைகளின் குளிர்ச்சி. சூடாக உண்ண வேண்டும்.

சில குறிப்புகள்

ஒலிவ எண்ணெய் விலை மிகுதி. வாணலிக்கு நல்லெண்ணெயே போதும். இறுதியில் மட்டும் ஒரு தேக்கரண்டி ஒலிவ எண்ணெய் விட்டால் மணம் கிடைக்கும். கடுகெண்ணெய் இதற்குப் பொருந்தாது. அதன் நெடி எள்ளை அடக்கிவிடும். இதை மருமகளே கூறினாள் என்பதைக் குறிக்க வேண்டும்.

பூண்டும் வெங்காயமும் விலக்கும் நாட்களில் சிறிது பெருங்காயம் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு மிளகாய்த் தூளைக் குறைத்து, மாதுளையைக் கூட்டிக் கொடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிழங்கு மெல்லச் சூடாகும்போது அதிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. அதனால்தான் சுட்ட கிழங்கு அத்தனை இனிக்கிறது. நீரில் வேகவைத்த கிழங்கைவிடச் சுட்ட கிழங்கு இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றும். ஆகவே அவர்கள் வேகவைத்ததில் பாதிக் கிழங்கும், கடலையை நிறையவும் எடுத்துக்கொண்டு, அன்று சோற்றைக் குறைத்துக்கொள்வது நலம். நாமும் அவ்வாறே செய்கிறோம். மனமுவந்து என்று சொல்ல முடியாது.

கிழங்கின் உட்புறம் ஆரஞ்சு நிறமாக இருப்பின், வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து அதில் மிகுதி. வெள்ளைக் கிழங்கில் அது மிகக் குறைவு. அச்சத்து உடலில் சேர எண்ணெய்ப் பசை வேண்டும். எள்ளும் எண்ணெயும் அதைத் தருகின்றன. திருவனந்தபுரத்தில் 1963ஆம் ஆண்டு முதல் இயங்கும் மத்திய கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இத்தகைய ஆரஞ்சு நிற ரகம் ஒன்றைப் ‘பூ சோனா’ என்னும் பெயரில் வெளியிட்டுள்ளது. கிடைக்கும் இடத்தில் விடாமல் வாங்குங்கள்.

முடிவில்

மகனும் மருமகளும் ஜாகை மாறவில்லை என்று எழுதி இக்கட்டுரையை முடிக்க ஆசைதான். ஆனால் அது பொய்யாகும். வைகாசியில் அவர்கள் வேறு வீட்டுக்குச் சென்றனர். இளையவர்களுக்குத் தங்கள் வீடு என்று ஒன்று வேண்டும். தன் அடுக்களையில் தன் விருப்பப்படி மீன் சமைக்கும் உரிமையும் அப்பெண்ணுக்கு வேண்டும். அதை நாம் மனமார ஒப்புகிறோம். மார்கழியில் சென்றிருந்தால் பிணங்கிச் சென்றவர்களாக இருந்திருப்பார்கள். வைகாசியில் பிரிந்து மட்டுமே சென்றார்கள்.

புறப்படும் நாளில் நம் இல்லத்தரசி ஒரு டப்பாவில் எள்ளும், எழுதிய காகிதம் ஒன்றும் கொடுத்தாள். வற்றல் குழம்பின் முறையாக இருக்கும் என்று எண்ணினோம். பின்னர் அறிந்தோம், அது அன்று கெட்டுப்போன பருப்பின் முறை. வங்காள முறைப்படி எப்படி முடிக்க வேண்டும் என்று மருமகளிடமே கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, ‘சரியா என்று பார்த்துச் சொல்’ என்று அவளிடமே கொடுத்திருக்கிறாள். அவள் இரண்டு இடங்களில் திருத்தி அனுப்பினாள். “நன்றாக இருக்கிறது, அம்மா” என்று மட்டும் எழுதவில்லை.

இப்போதெல்லாம் மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் இங்கே வருகிறார்கள். குளிர்காலமானால் கிழங்கு வாங்கும் பொறுப்பு யாருடையது என்பதை இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் பேசி முடித்துவிடுகிறார்கள்.

நேயர்களே, உங்கள் அடுக்களையிலும் பேசப்படாத சொற்கள் ஏதேனும் கிடந்தால், இருவருக்கும் தெரியாத ஒரு சமையலைச் சேர்ந்து செய்து பாருங்கள். அது கெட்டாலும் குற்றமில்லை. மறுநாளைக்குச் சிறிது கிழங்கு எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.